நாரை பார்த்த பக்கம்

தம்பி,

உன் கடிதம் போன திங்கட்கிழமை வந்தது. வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் கடை விலாசத்துக்கு எழுதியிருந்தாய். படம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அப்படிச் செய்திருப்பாய். காலண்டர் அச்சகத்துக்குப் போன அந்த நாரை நெகட்டிவ் இதற்குள் திரும்பி வந்திருக்குமே, அதில் இடது ஓரத்தில் நிற்கிற அம்மாவை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, கொஞ்சம் ஷார்ப் பண்ணி, பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் கட்டி வையுங்கள் அப்பா, தாலி கட்டும்போது உங்கள் பக்கத்து நாற்காலியில் அம்மா இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அவ்வளவுதான் நீ கேட்டது. மகன் தகப்பனிடம் கேட்கக்கூடியதில் மிகச் சின்ன விஷயம். அதுவும் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் இத்தனை வருஷமாக போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற தகப்பனிடம்.

மறுநாளே உன் வருங்கால மாமனார் அஸ்தினாபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். வாத்தியார் அல்லவா, எதையும் முன்கூட்டியே முடித்துவைக்க வேண்டும் அவருக்கு. "சம்பந்தி, அம்மா படத்துக்கு மாலை எங்க வீட்டுது. சைஸ் மட்டும் சொல்லிடுங்க, பூக்காரன்கிட்ட அளவு குடுக்கணும்" என்றார். "சொல்றேன் சார்" என்றேன். "பன்னெண்டுக்குப் பதினஞ்சு இருக்குமா?" என்று விடாமல் கேட்டார். "கிட்டத்தட்ட" என்றேன். வாடிக்கைக்காரர்களிடம் நாளைக் கடத்திக் கடத்திப் பழகிய வாய் இது. அவர் தலை மறைந்ததும் கடையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

படம் இல்லை, தம்பி. அந்த நெகட்டிவ் அச்சகத்திலிருந்து பத்தே நாளில் திரும்பி வந்துவிட்டது. இத்தனை வருஷமாக என் மேஜை டிராயரில் ஒரு பழுப்புக் கவரில்தான் கிடக்கிறது. அதில் நாரை இருக்கிறது. அம்மா இல்லை. இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று உன்னிடம் நான் சொன்னதெல்லாம் பொய். ஏன் சொன்னேன் என்பதை இதில் எழுதுகிறேன். நீ மட்டும் படிக்க வேண்டும் என்று எழுதவில்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் படிக்கட்டும், அவள் அப்பாவும் படிக்கட்டும். ஒளித்து ஒளித்து எனக்கு அலுத்துவிட்டது.

முதலில், ஒரு ஸ்டூடியோக்காரன் வீட்டில் பெண்டாட்டி படம் ஒன்றுகூட இல்லாமல் போவது எப்படி என்று உன் மாமனார் கேட்பார். நியாயமான கேள்விதான். எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வசதி இல்லை. அதன் பிறகு வசதி வந்தது, நேரம் வரவில்லை. சொந்தக்காரர் கல்யாணங்களில் படம் எடுப்பவன் நான். அவள் லைட் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள், அதனால் எந்த குரூப்பிலும் அவள் இல்லை. கடையில் ஒவ்வொரு காலையும் விளக்குகளைச் சரிபார்க்க ஒரு ஆள் உட்கார வேண்டும். அவளைத்தான் கூப்பிடுவேன். அந்த சிவப்பு ஸ்டூலில் வந்து உட்காருவாள். "மோவாயைத் தூக்கு, இடது பக்கம் திரும்பு, சிரி" என்பேன். நிழல் எங்கே விழுகிறது, மூக்கில் எண்ணெய் மினுங்குகிறதா என்று பார்ப்பேன். பார்த்து முடிந்ததும் "எழுந்திரு" என்பேன். இரண்டாயிரம் தடவையாவது உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவைகூடக் காமெராவில் ஃபிலிம் இருந்ததில்லை. "ஒரு நாளைக்காவது நெஜமா எடுங்களேன், சிரிச்சது வீணாப் போவுது" என்பாள். "எடுக்கலாம் எடுக்கலாம், நீ எங்க ஓடிடப் போற" என்பேன்.

அப்படிப்பட்டவள் ஃபிலிமில் விழுந்தது ஒரே ஒரு முறை. அதுவும் உன்னால்தான். நீ காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கடையின் பழைய பெட்டிக் காமெராவை, அந்த மேலிருந்து குனிந்து பார்க்கிற இரட்டைக் கண் காமெராவை, கழுத்தில் மாட்டிக்கொண்டு பறவை தேடிக் கிளம்பிவிடுவாய். கேளம்பாக்கம் உப்பளம் வரைக்கும் சைக்கிள் மிதித்தவன் நீ. அந்தத் தை மாதம் இரும்புலியூர் ஏரியில் ஒரு சாம்பல் நாரை வந்திருப்பதைக் கண்டுபிடித்தாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை போய் மூன்று தடவையும் அது பறந்துவிட்டது என்று வீட்டில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாய். நான்காவது ஞாயிறு உன் அம்மா சாப்பாட்டுத் தூக்கையும் குடையையும் எடுத்துக்கொண்டு உன்னோடு வந்தாள்.

ஏரிக்கரையில் நடந்ததை நீ சொன்னதைவிட அவள் சொன்னதுதான் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நான்தாங்க சொன்னேன் அவனுக்கு. அது ஒரு ஆளைப் பாத்துட்டா அந்த ஆளையேதான்டா பாத்துக்கினு இருக்கும். நான் இங்க வெட்டவெளில நிக்கிறேன், என்னைப் பாக்கட்டும். நீ கோரை வழியா ஊர்ந்து போன்னேன். முக்கா மணி நேரம் குடையை அசைக்கல. கால்ல கட்டெறும்பு ஏறிச்சு, கடிச்சுது, நிக்கிறேனே நான்! அது கழுத்தை நீட்டிக்கினு என்னையே மொறைக்குது. நானும் அதையே மொறைக்கிறேன்." இதைச் சொல்லும்போது கழுத்தை நீட்டிக் காட்டினாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

பத்துப் பன்னிரண்டு கெஜம் தள்ளி நின்ற பறவை அந்தக் காமெராவில் எவ்வளவு பெரிதாக விழும்? நெகட்டிவை ஈரத்தோடு தூக்கிப் பிடித்துப் பார்த்தோம், நீயும் நானும். நாரை மொச்சைக்கொட்டை அளவு. இடது ஓரத்தில், உனக்குக் கொஞ்சம் கிட்டத்தில் நின்றதால், விரல் உயரத்துக்கு உன் அம்மா. கறுப்புக் குடை வெள்ளையாக, முகம் கறுப்பாக. அவளை நாம் படத்தில் பார்த்ததே அந்தத் தலைகீழ் நிறத்தில்தான். "முழுசா ஒண்ணு போடுங்கப்பா, அம்மாவும் தெரியட்டும்" என்றாய். "பேப்பர் தண்டம். பறவையைப் போடுறேன், பாரு" என்றேன். அன்றைக்கு ஒரு பேப்பரைச் செலவழித்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

பறவையைப் பெரிதாக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். என்லார்ஜரை உச்சிவரை ஏற்றியும் போதாமல், அதன் தலையைத் திருப்பி மேஜைக்கு வெளியே தரையில் வெளிச்சம் விழ வைத்து, தரையில் பேப்பரை ஒட்டி, நான் மண்டியிட்டுப் பூதக்கண்ணாடியால் நாரையின் கண்ணைத் தேடினேன். அவ்வளவு இழுத்தால் படம் ரவையைக் கொட்டியதுபோல் வரும், விளிம்பெல்லாம் பஞ்சாகும். அதற்குத்தான் ஹார்டு பேப்பர். கறுப்பு கன்னங்கறுப்பாகவும் வெள்ளை பளீரென்றும் வந்துவிடும், இடையில் இருக்கிற சாம்பல் எல்லாம் ஓடிவிடும். காய்ந்த பிறகு பிளேடு நுனியால் இறகு ஓரங்களைச் சுரண்டிக் கோடு கோடாக எடுத்தேன். பொட்டு வைக்கிற மாதிரி பிரஷ்ஷால் கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். நாரை உயிரோடு முறைத்தது.

நீ பார்த்துவிட்டு முகம் சுளித்தாய். "அப்பா, அதுக்குக் கண்ணு இப்படி இருக்காது. இறகும் இவ்ளோ கறுப்பு இல்ல. சாம்பல் நாரைப்பா அது. நீங்க சாம்பலையே எடுத்துட்டீங்க."

"ரோட்ல போறவன் நிக்கணும்ல. சாம்பலைப் பாத்து எவன்டா நிப்பான்?" என்றேன். ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். கண்ணாடிப் பெட்டியில் வைத்த முதல் வாரமே ரயிலுக்கு ஓடுகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டு ஓடினார்கள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அப்படி நின்றவர்களில் ஒருவர்தான் காலண்டர் அச்சகத்து மனிதர். வெள்ளைச் சட்டை, பேனா, பட்டணத்துப் பேச்சு. பிரிண்டிலிருந்து அச்சுக்குப் பிளாக் எடுத்தால் சரியாக வராது, நெகட்டிவே வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஓரத்துல யாரு சார் இது, வேலைக்காரியா?" என்றார்.

தம்பி, நான் எழுத வேண்டியதெல்லாம் இந்த இடம்தான். மீதியெல்லாம் இதைச் சுற்றி வருவது. உன் அம்மா அன்றைக்கு வீட்டில் உடுத்துகிற சாயம் போன புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தாள். ஒரு கையில் தூக்கு. நெகட்டிவில்கூட அது தெரிந்தது. நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, முதலாளி நாற்காலியில், என் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். ஒரு பட்டணத்து ஸ்டூடியோவில் தரை பெருக்கி, ஹைப்போ மருந்துத் தொட்டி கழுவித் தொழில் கற்று, அந்த நாற்காலிக்கு வந்தவன். இவள் என் மனைவி என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? "யாரோ சார். குறுக்க வந்துட்டாங்க" என்றேன். அவர் "அதான் பாத்தேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் போன பிறகு ஒரு பயம் வந்தது. அச்சகத்தில் நாலு பேர் அந்த நெகட்டிவைப் பார்ப்பார்கள், நாளைக்கு அந்த மனிதர் கடைக்கு வரும்போது இவள் காபி எடுத்துக்கொண்டு வருவாள், அடையாளம் தெரிந்துவிடும். பொய்யைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. கத்தரிக்கோலை எடுத்தேன். பிரிண்டில் எத்தனையோ தாய்மாமன்களையும் தூண்களையும் வெட்டியவன் நான். நெகட்டிவில் கை வைத்ததே கிடையாது. அன்றைக்கு வைத்தேன். ஒரு விரல் அகலம். அளவுகூட எடுக்கவில்லை, கண் மதிப்பில் ஒரே வெட்டு. வெட்டிய துண்டு, வீணான ஃபிலிமெல்லாம் போடுகிற கோணிப்பைக்குள் விழுந்தது. வாரக் கடைசியில் ஃபிலிம் துண்டு வாங்குகிறவன் வந்து பையைத் தராசில் மாட்டினான். ஃபிலிமை எரித்து அதிலிருக்கிற வெள்ளியை எடுக்கிறவர்கள் அவர்கள். "இன்னா மொதலாளி, இந்த வாரம் சரக்கு கம்மியா கீதே" என்றான். "அவ்ளோதான்யா, எடுத்துக்கினு போ" என்றேன். உன் அம்மாவை எடைக்குப் போட்டேன், தம்பி. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் இன்றைக்கு உறுத்துகிறது.

காலண்டர் வந்தது. தாம்பரத்தில் பாதிக் கடைகளில் தொங்கியது. நம் கடையில் உன் அம்மா தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினாள். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். "இந்தப் பக்கம்தானே நான் நின்னேன்? இங்க இப்ப எண்ணெய்க் கடை பேரு கீது" என்றாள். "பிரிண்டுக்கு வெட்டியாச்சு. நெகட்டிவ்ல இருக்கே" என்றேன். "சரி, அதுல இருந்தாப் போதும். நான் எங்க போயிடப் போறேன்" என்றாள். நான் எப்போதும் அவளிடம் சொல்கிற வார்த்தையை அன்றைக்கு அவள் சொன்னாள்.

இன்னொரு நாள், பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ரயில்வேக்காரர் ஒருவர் அந்தக் காலண்டரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், அந்தப் பறவை அப்படி எதைப் பாக்குது? கண்ணே எடுக்க மாட்டேங்குதே" என்றார். "பாம்பைப் பாத்திருக்கும்" என்றேன். திரைக்குப் பின்னால் பிரிண்ட் கழுவிக்கொண்டிருந்த உன் அம்மா தலையை நீட்டினாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. "ஏங்க, சொல்லிடட்டுமா?" என்றாள். "சும்மா இரு, வியாபாரம் நடக்குது" என்றேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்த ஆடியில் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோரு நாள். உனக்கே எல்லாம் தெரியும், நீதான் ஆஸ்பத்திரியில் இருந்தாய். உனக்குத் தெரியாதது ஒன்று: கடைசி நாள் காலை நான் காமெராவைக் கொண்டுவந்தேன். ஊரில் எத்தனையோ பேரின் கடைசிப் படத்தை எடுத்துக் கொடுத்தவன். ஃபிலிம் கூடப் போட்டிருந்தேன். ஆனால் அந்த முகம் அவள் முகமாக இல்லை. காமெராவை மூடிப் பையில் வைத்துவிட்டேன். அதில் எனக்கு வருத்தமில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே துண்டு வாங்குகிறவனைத் தேடிப் பட்டணத்துக்குப் போனேன். தகரக் கொட்டகைக்குள் புகை நடுவில் நின்றுகொண்டிருந்தான். "அந்தச் சரக்கெல்லாம் போன வருசமே எரிச்சாச்சே மொதலாளி. இன்னா, எதுனா முக்கியமான துண்டு பூட்ச்சா?" என்றான். "ஒண்ணுமில்ல" என்றேன். கல்யாண ஜோடிப் படம் எதையோ தவறிப் போட்டுவிட்டேன் என்று நினைத்திருப்பான். "பேஜாரா கீறியே, டீ சாப்ட்டுப் போ" என்று உட்கார வைத்தான். அன்றைக்கு எனக்கு ஆறுதல் சொன்ன ஒரே ஆள் அவன்தான். எதற்கு என்று தெரியாமலே சொன்னான்.

பதினாறாம் நாள் படம் வைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஒரு வருஷம் படம் வைக்கக் கூடாது, எங்கள் வழக்கம் அப்படி என்று ஒரு வழக்கத்தையே உண்டாக்கினேன். வெறும் விளக்கை வைத்தோம். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். பிறகு, "நெகட்டிவ் வந்ததும் நானே போட்டுக்கிறேம்பா" என்றாய். அந்த நம்பிக்கையோடுதான் மேல்படிப்புக்கு டேராடூனுக்கு ரயில் ஏறினாய். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் அதைக் கேட்டாய். ஒவ்வொரு முறையும் அச்சகத்துக்காரர்மேல் பழி போட்டேன். பாவம், நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர்.

புத்தி சொல்கிற தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று நீயே பார்த்துக்கொள். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிரிண்டில் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டு, தப்பாகப் போனால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவில் கத்தரி வைக்காதே. எது தேவை, எது குறுக்கே வந்தது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரனாகச் சொல்கிறேன்: அந்தப் பெண் எந்தப் புடவையில், எந்த வாசலில், எந்தத் தூக்கோடு நின்றாலும், யார் என்று எவனாவது கேட்டால் உடனே சொல்லு. ஒரு நொடி தயங்கினால் அந்த நொடியைப் பிறகு ஆயுசுக்கும் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டும். இதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் மாமனார் வந்து போன அன்று மத்தியானம் அந்தக் கவரை எடுத்தேன். எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன், எப்போதும் நாரையைத்தான் பார்ப்பேன், உடனே மூடிவிடுவேன். இந்தத் தடவை என்லார்ஜரில் வைத்து, மிச்சமிருக்கிற நெகட்டிவ் முழுவதையும், கோணலாக வெட்டுப்பட்ட ஓரம் உட்பட, அப்படியே விழவிட்டேன். நீ அன்றைக்குக் கேட்ட மாதிரி. ஹார்டு பேப்பரை எடுக்கவில்லை. சாஃப்ட் பேப்பர். டெவலப்பரில் மெள்ள மெள்ள வந்தது. தண்ணீர், கோரை, நடுவில் சின்னதாக நாரை. உண்மைதான், தம்பி, அது கறுப்பே இல்லை. சாம்பல்தான், என்னென்னவோ சாம்பல். கண்ணில் வெள்ளைப் புள்ளி இல்லை. கழுத்தை நீட்டி இடது பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் கீழே கவனித்தேன். வெட்டுப்பட்ட ஓரத்திலிருந்து ஈரச் சேற்றின்மேல் ஒரு கறை நாரையை நோக்கி நீண்டிருந்தது. இத்தனை வருஷமும் அதைச் சேறு என்றே நினைத்திருந்தேன். காலை வெயில் அவள் முதுகுப் பக்கம் இருந்திருக்கிறது. வட்டமாகக் குடை, அதற்குக் கீழே தோள், இடுப்பில் செருகிய கொசுவத்தின் புடைப்பு, கையில் தூக்கு. துளி அசையாமல் நின்றவளின் நிழல். என் கத்தரிக்கு எட்டாத இடத்தில் விழுந்திருந்தது. ட்ரேயிலிருந்து எடுக்க மனமில்லாமல், சிவப்பு விளக்கடியில் அது தேவைக்கு மேல் கறுத்துக்கொண்டே போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிரிண்ட் கெட்டுப்போயிற்று. இன்னொன்று போட்டேன்.

அதில் பிளேடு படவில்லை, பிரஷ் படவில்லை. ஓரத்தில் என் வெட்டு எவ்வளவு கோணல் என்பதும் தெரியும். தெரியட்டும். பன்னிரண்டுக்குப் பதினைந்து. அளவை உன் மாமனாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், படம் என்ன என்பதைச் சொல்லவில்லை. அதை இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நீ சொல்லு. நாற்காலியில் வைக்க வேண்டாம், அந்த நாற்காலி காலியாகவே இருக்கட்டும், பக்கத்து நாற்காலியில் அப்பாவும் வேண்டாம் என்று நீ எழுதினாலும் ஏற்றுக்கொள்வேன். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

வைக்கலாம் என்று எழுதினால், என்னை அதன் பக்கத்திலேயே உட்கார விடு. வருகிறவர்கள் கேட்பார்கள், கல்யாண மேடையில் எதற்கு நாரைப் படம், அதற்கு எதற்கு மாலை, அது அப்படி யாரைத்தான் பார்க்கிறது என்று. உன் அம்மா சொல்லிவிடட்டுமா என்று கேட்டபோது சும்மா இரு என்றவன் நான். இந்தத் தடவை, கேட்கிற ஒவ்வொருவரிடமும் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்பா